டிக்கட் வெட்டாத முதல் பஸ்

போட்டிக்குப் பெயர் கொடுத்தது கோபத்தில்தான். இந்த வயதிலும் புதிதாகப் படிக்கிறாளே என்று என்னைப் புகழ்ந்தவர்களிடம் நான் மறுப்புச் சொல்லவில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தியது திருகோணமலை பஸ் நிலையத்தில் நாங்கள் குந்திக் காத்திருக்கும் சீமெந்து வாங்கு.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் டயலிசிஸ். நாங்கள் இருப்பது குடாவுக்கு இந்தப் பக்கம், கட்டைபறிச்சானில். நான் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூஷன் கொடுப்பவள் என்பதால் பகல் என் கையில் இருந்தது, அவரோடு போய்வரலாம். விடிய மூதூர் பஸ்ஸில் ஏறி ஏழு மணிக்கு மெஷினில் போட்டால் பதினொரு மணிக்கு விடுவார்கள். அதற்குப் பிறகுதான் வேதனை. திரும்பிப் போக அடுத்த பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு. இரத்தம் முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்ட மனிதன், வெயில் கொதிக்கும் தகரக் கூரையின் கீழ் ஒன்றரை மணித்தியாலம் சாய இடமில்லாமல் இருப்பார். காலடியில், நகரத்துக்குள் திரியும் மான்கள் வந்து சோற்றுப் பார்சல் கடதாசியை மேய்ந்துகொண்டிருக்கும். பதினொன்றரைக்கு ஒரு பஸ் விட்டால் என்ன குறைந்துவிடும் என்று நிலையத்தில் பஸ்களுக்கு நேரம் பார்ப்பவரிடம் எத்தனை தரம் கேட்டிருப்பேன்! "அட்டவணையில இல்லை டீச்சர்" என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்போதுதான் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். ஒரு பல்கலைக்கழகமும் போக்குவரத்துக்குப் பொறுப்பான ஓர் அலுவலகமும் சேர்ந்து இணையத்தில் தரவுப் போட்டி நடத்தின. நகரத்துக்கு வந்து போகும் பஸ்களின் டிக்கட் மெஷின் பதிவுகளையும், எந்த பஸ் எந்த நிமிடம் எங்கே நின்றது என்ற ஜிபிஎஸ் பதிவுகளையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது. இருக்கிற பஸ்களையே நேரம் மாற்றி ஓடவிட்டு, சனம் காத்துநிற்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். புதிய அட்டவணையைப் பதிவேற்றினால் உடனே புள்ளி வரும், பட்டியலில் நம் இடம் தெரியும். கடைசியில் முதல் பத்துப் பேரின் திட்டங்களை அதிகாரிகள் நேரில் கேட்பார்கள். பத்திலும் பொதுவாக இருக்கும் மாற்றங்களை உடனே நடைமுறைக்குக் கொண்டுவருவார்கள்.

அட்டவணையில் இல்லையா? அப்படியென்றால் அட்டவணையையே மாற்றுகிறேன் என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன்.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடப் புள்ளிவிபரவியல் மட்டும். நிரல் எழுதுவதை யூடியூப்பைப் பார்த்துத்தான் படித்தேன். இவர் மெஷினில் படுத்திருக்கும் நான்கு மணித்தியாலமும் வார்டுக்கு வெளியே ஒரு கதிரையில் லப்டொப்பும் கையுமாக இருந்தேன். முதல் முறை பதிவேற்றியபோது கடைசியிலிருந்து நாலாவது இடம். காற்புள்ளி ஒன்று தவறி, கிண்ணியா பஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் புறப்பட்டிருந்தன. நானே சிரித்துவிட்டேன். ஆனால் கணக்கு என்னை அதிக நாள் ஏமாற்றியதில்லை. இரண்டு மாதத்தில் ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டேன். என் அட்டவணையில் பதினொன்றரைக்கு ஒரு மூதூர் பஸ் அழகாக நின்றது.

அந்த பஸ்ஸை எங்கிருந்தோ எடுக்கத்தானே வேண்டும்? கோப்பில் பயணங்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். ஆகக் குறைவாக டிக்கட் வெட்டிய பயணம் எது என்று தேடச் சொன்னேன். விடியப் புறப்படும் ஒன்றைக் காட்டியது. ஐந்தாறு டிக்கட்டுகள், சில நாட்களில் அதுவும் இல்லை. வெறும் கதிரைகளை ஏற்றிக்கொண்டு எதற்கு ஓடுகிறார்கள் என்று அதை வெட்டி எடுத்துப் பதினொன்றரையில் வைத்தேன். புள்ளி துள்ளி ஏறியது.

வார்டில் இவருக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் படுப்பாள். மூதூரையும் தாண்டித் தெற்கேயுள்ள இலங்கைத்துறைக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், கணவன் கடலுக்குப் போகிறவன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. கட்டில் கிடைக்கக் காத்துக்கொண்டிருந்தபோது அவளிடம் என் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"பதினொண்டரைக்கு பஸ் வரப்போகுது. என்ர திட்டம் எடுபட்டால்."

"நல்லது அக்கா. புது பஸ்ஸே?"

"புதுசு தரமாட்டினம். விடிய ஒண்டு ஆளில்லாமல் சும்மா ஓடுது, அதை எடுத்தனான்." எந்த ஊர் பஸ் என்று அவள் கேட்டபோதுதான் நானே இலக்கத்தை வைத்துத் தேடிப் பார்த்தேன். "இலங்கைத்துறையிலயிருந்து வெளிக்கிடுறது. நாலரை பஸ்."

அவள் என் லப்டொப்பை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அது நான் வாற பஸ்."

"அதில ஆக்கள் இல்லையே?"

"ஆர் சொன்னது? வெருகல் பக்கத்துச் சனமும் ஏறினால் நாங்கள் நிண்டுகொண்டெல்லோ வாறனாங்கள். எல்லாம் கிளினிக் ஆக்கள்." பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "கிளினிக் கொப்பியைக் காட்டினால் கொண்டக்டர் எங்களிட்டக் காசு வாங்கிறேல்ல, டிக்கட்டும் வெட்டுறேல்ல."

லப்டொப்பை மூடிவிட்டேன். அவளுக்காக மட்டுமல்ல. எங்கள் மூதூர் பஸ்ஸிலும் அதே வழக்கம்தான். பொலித்தீன் பையில் சுற்றிய, மருந்தும் திகதியும் எழுதிய ஆஸ்பத்திரிக் கொப்பியை இவர் சற்று உயர்த்திக் காட்டுவார், கொண்டக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவார். இந்தப் பக்கத்து பஸ்களில் யாரும் எழுதிவைக்காத சட்டம் அது. இத்தனை காலமும் இவர் பெயரில் ஒரு டிக்கட்டும் வெட்டப்படவில்லை. யாருக்காக இரண்டு மாதம் கண் எரிய உட்கார்ந்தேனோ அந்த மனிதனே என் கணக்கில் பயணி இல்லை. கொழும்பிலிருந்து ஒருவர் இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். நான் அந்த பஸ்ஸிலேயே, அந்தக் கொப்பிக்குப் பக்கத்திலேயே இருந்து வருகிறவள்! எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"நாலரை பஸ் இல்லாட்டில் நீங்கள் எப்பிடி வாறது?" என்று கேட்டேன்.

"அடுத்ததில வந்தால் ஒம்பது தாண்டும். ஏழு மணிக்கு வராட்டில் கட்டிலை வேற ஆளுக்குக் குடுக்கத்தானே வேணும். அதுக்கும் ஆக்கள் நிக்கினமே." குறை சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. டயலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த வார்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று பின்னேரமே பட்டியலின் மேலிடத்தில் இருந்தவர்களின் அட்டவணைகளைப் பார்த்தேன். போட்டி விதிப்படி அவை எல்லோருக்கும் திறந்திருந்தன. முதல் பத்தில் என்னைத் தவிர்த்த ஒன்பது பேரும் அதே பஸ்ஸை வெட்டியிருந்தார்கள். போட்டியின் உரையாடல் பக்கத்தில் விடயத்தை எழுதினேன். ஒருவர் பதில் போட்டார்: "தரவில் இல்லாத பயணிகளுக்கு நாம் திட்டம் போட முடியாது." அதற்கு இருபது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

மூதூர் கொண்டக்டரைப் பிடித்தேன். இனிமேல் கிளினிக் ஆட்களுக்கும் பூச்சியம் ரூபாய் என்று ஒரு டிக்கட் வெட்டினால் என்ன? அவர் பதறிப்போனார்.

"அது அல்லாவுக்காக மனசுல நிய்யத் வெச்சுச் செய்யிற காரியம் டீச்சர். மெஷினுக்குச் சொல்லிச் செய்யிறதில்ல."

"மெஷினுக்குத் தெரியாட்டில் பஸ்ஸை நிப்பாட்டிப் போடுவினம் தம்பி."

"பஸ்ஸ நிறுத்தினா நான் வேற பஸ்ல ஏறுவன். அங்கயும் வெட்ட மாட்டன்." இப்படி ஒரு பிடிவாதக்காரரிடம் என்னதான் பேசுவது? உள்ளுக்குள் எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது, அது வேறு விடயம்.

சரி, டிக்கட் இல்லை. வேறு என்ன இருக்கிறது? ஜிபிஎஸ் இருக்கிறது. நாலரை பஸ் போகும் வழியை நிமிடம் நிமிடமாக விரித்துப் பார்த்தேன். வெறும் பஸ் என்றால் பறந்து வர வேண்டும். இது வழியெல்லாம் நின்று நின்று வந்திருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் நாலு நிமிடம், ஐந்து நிமிடம். அதுவும் ஒவ்வொரு நாளும். ஆளில்லாத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி வாசலில் என்ன வேலை? கால் வீங்கியவர்களும் ஊசி ஏறித் தடித்த கையோடு வருகிறவர்களும் படியில் ஒவ்வொருவராக இறங்குவதற்கு எடுக்கும் நேரம் அது. அடுத்த மூன்று டயலிசிஸ் நாளும் இவரை உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்று இறங்கும் தலைகளை எண்ணினேன். இருபத்துமூன்று, பத்தொன்பது, இருபத்தாறு. வாசல் காவலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

டிக்கட் இல்லாமல் பஸ் நின்ற நேரத்தை எல்லாம் ஆட்களாக மாற்றி, முழுக் கணக்கையும் திரும்பப் போட்டேன். நாலரை பஸ் அசைய இடமில்லாமல் நிறைந்துவிட்டது. எடுப்பதற்கு வேறு பஸ் எதுவும் மிஞ்சவில்லை. பதினொன்றரை போய்விட்டது.

பதிவேற்றும் கடைசி நாள் இவர் கேட்டார், "பழையதைப் போட்டு மேடையில ஏறிப்போட்டு, அங்க வைச்சுச் சொல்லலாம்தானே?" நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் பத்துத் திட்டமும் ஒன்றுபோல வெட்டினால் என் வாய்ப்பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? பத்தாவது கையெழுத்து என்னுடையதாக இருக்கக் கூடாது என்று சொன்னேன். புதியதைப் பதிவேற்றினேன். புள்ளி டிக்கட்டை வைத்துத்தான் போடப்பட்டது என்பதால், ஆறிலிருந்து முப்பத்தொன்றுக்கு விழுந்தேன். ஜிபிஎஸ் வரைபடத்தோடு ஒரு கடிதமும் அனுப்பினேன். பதில் வரவில்லை.

இறுதி நிகழ்ச்சி துறைமுக வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில். யாரும் வந்து கேட்கலாம் என்றிருந்தார்கள், நான் கேட்கப் போனேன். முதலிடம் பிடித்த பெடியன் நன்றாகவே விளக்கினான். நாலரை பஸ்ஸைத் திரையில் காட்டி, இது வீண் என்றான். கேள்வி நேரம் வந்ததும் எழும்பினேன்.

"தம்பி, அந்த பஸ் ஆஸ்பத்திரி வாசல்ல ஒவ்வொரு நாளும் அஞ்சு நிமிஷம் ஏன் நிக்குது?"

அவன் தன் லப்டொப்பில் தேடினான். மழுப்பியிருக்கலாம், நல்ல பிள்ளை, மழுப்பவில்லை.

"ஓம், நிக்குது. ஏன் எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்று சொல்லி, கிளினிக் கொப்பியிலிருந்து இருபத்தாறு தலை வரைக்கும் சொன்னேன். கொண்டக்டர்கள் யாரென்று கேட்டார்கள், அதை மட்டும் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் கடிதத்தின் பிரதி இருக்கிறதா என்று கேட்டார். ஐந்து பிரதி வைத்திருந்தேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நாலரை பஸ் அப்படியே ஓடும். கிளினிக் நாட்களில் தலை எண்ண ஆள் போடுவார்கள். மற்றபடி நகரத்தில் பல நேரங்கள் மாறின, நல்ல மாற்றங்கள்தான். மூதூருக்குப் பதினொன்றரை பஸ் அதில் இல்லை.

அந்தச் செவ்வாய் இவரை மெதுவாக நடத்திக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன். இன்னொருத்தியின் பஸ்ஸைக் காப்பாற்றினேன், சரி; என் வீட்டு மனிதனுக்கு என்னால் ஒன்றரை மணித்தியாலத்தைக் குறைக்க ஏலவில்லை. கொஞ்ச நேரத்தில் இலங்கைத்துறைக்காரியும் அங்கே வந்தாள். வழக்கமாக அவள் ஆஸ்பத்திரி வளவு மரத்தடியிலேயே படுத்துவிடுவாளாம். அன்று செய்தி கேள்விப்பட்டு எங்களைத் தேடி வந்திருந்தாள். வாங்கின் ஓரத்தில் இருந்து என் கையைப் பிடித்தாள்.

பன்னிரண்டே முக்கால் பஸ் வந்தது. இவரை எழுப்பிக்கொண்டே கேட்டேன், "உங்கட பஸ் எத்தினைக்கு?"

"மூண்டேகாலுக்கு அக்கா."

இரண்டு மாதம் அந்த ஊரின் பஸ்களை எல்லாம் கையில் வைத்து உருட்டியவள் நான். அதே வார்டிலிருந்து அதே பதினொரு மணிக்கு வெளியே வருகிறவள் வீடு போக எத்தனை மணியாகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கொண்டக்டர் அவசரப்படுத்தினார். இவரைக் கதிரையில் இருத்திவிட்டு, ஓடத் தொடங்கிய பஸ்ஸின் யன்னலால் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் எழும்பிய இடத்தில் அவள் கையைத் தலைக்குக் கொடுத்துச் சரிந்து படுத்துக்கொண்டிருந்தாள்.