இரண்டு காருக்கும் ஒரே நாலு டயர்

என் மகனுடைய காருக்குப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டி, ஓட்டத் தகுதியான வண்டி என்று எஃப்.சி. எழுதி வாங்கினால்தான் இனி ரோட்டில் ஓட்டலாமாம். சொந்தக் காருக்குமா இந்தப் பாடு என்று சலித்துக்கொள்கிறான். காட்டத்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். நாலாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் எஃப்.சி. என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆளுக்கொரு வாடகைக் கார் இருந்தது. இரண்டும் பல கை மாறி வந்த கிழட்டு வண்டிகள். வாடகைக் காரென்றால் வருஷா வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். இரண்டு காருக்கும் சேர்த்து எங்களிடம் நல்ல டயர் நாலுதான் இருந்தது. சக்கரத்தோடு சாக்கில் மூடிக் கட்டிலுக்கடியில் கிடக்கும். எஃப்.சி. டயர் என்றே அதற்குப் பெயர். அப்பாவின் முறை வந்தால் அந்த வண்டியில் ஏறும், சித்தப்பாவின் முறை வந்தால் இந்த வண்டியில் ஏறும். காட்டி முடித்ததும் மறுபடி சாக்குக்குள் போய்விடும். நல்ல டயரை யாராவது ரோட்டில் தேய்ப்பார்களா என்பார் அப்பா. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

சக்கரம் மாற்றும்போது நட்டுகளை மடியில் வாங்கி வைத்திருப்பது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. ஆண்பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க அந்த வேலையை என்னிடம் தந்ததில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் இரண்டு வண்டிக்கும் ஒரே நாளில் முறை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மைதானத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல டயரை அப்பா வண்டியில் மாட்டிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாமென்று அத்தையும் கூட வந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கச்சி அவள். அவளுடைய மூத்த பையனுக்குத்தான் நான் என்று பேச்சு இருந்ததால் என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவாள்.

அப்பா வண்டியை முதலில் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் ஓட்டச் சொல்லி, பிரேக் போடச் சொல்லி, லைட்டு, ஹாரன் எல்லாம் பார்த்தார். குனிந்து டயரைத் தடவினார். ஒரு குறையும் இல்லை. எஃப்.சி. கிடைத்துவிட்டது.

உடனே இரண்டு வண்டியையும் மைதானத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்பா வண்டியின் நல்ல சக்கரங்கள் சித்தப்பா வண்டிக்கு ஏறின. சித்தப்பா வண்டியின் தேய்ந்த சக்கரங்கள் அப்பா வண்டிக்கு வந்தன. அதில் கடைசியாகப் பின்சக்கரம் மாட்டும்போது ஒரு நட்டு குறைந்தது. என் மடியிலிருந்து உருண்டு சேற்றில் விழுந்திருக்க வேண்டும். கைவிட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. நான் அழுதுவிட்டேன். விடு, மிச்சம் பிடிச்சுக்கிடும் என்று அப்பா மற்றவற்றை முடுக்கிவிட்டார்.

சித்தப்பா அப்பா வண்டியின் முன்டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, செத்த நேரம் இரு. என் வண்டியயும் காட்டிட்டு, நல்லதை மாட்டியே போவோம். இதுல நூலு தெரியுது."

"தளவாய்புரத்துச் சவாரிக்கு வாரேன்னு சொல்லியிருக்கேன்லே. ஒன் டயருதான? இதுலதான நீ தெனமும் ஓட்டுத?"

சித்தப்பா ஜாக்கியைத் தூக்கித் தன் வண்டியில் போட்டார். கோயிலுக்குப் போய்த் திரும்பியிருந்த அத்தை, வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று முன்சீட்டில் அப்பா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கூடமாட ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று என்னைச் சித்தப்பாவோடு விட்டுவிட்டார்கள். வண்டி நகரும்போது அத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி மருமகளே, பாவாடையெல்லாம் கிரீசு. பொறவு வீட்டுக்கு வா, நாந் தொவச்சுத் தாரேன்."

சித்தப்பா வண்டிக்கும் எஃப்.சி. கிடைத்தது. நல்ல டயரிலேயே ஊர் திரும்பினோம். பாதி வழியில் ரோட்டோரம் கூட்டம். அப்பா வண்டி புளியமரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அப்பா அடிபட்ட கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அத்தையைக் கார் சீட்டைக் கழற்றிப் போட்டு அதில் கிடத்தியிருந்தார்கள். சேலையால் முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்டயர் வெடித்து நார்நாராய்க் கிழிந்து தொங்கியது. நாலு சக்கரமும் வண்டியில்தான் இருந்தன. பின்சக்கரத்தில் ஒரு நட்டுக்குரிய இடம் மட்டும் வெறுமையாய் இருந்தது. என் கண் அதைவிட்டு நகரவே இல்லை.

சாயங்காலம் அத்தை வீட்டு மாமா வந்தார். எப்படி என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். கையில் கட்டோடு அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"சின்னப்புள்ள, மாப்ளே. நட்டத் தொலச்சுட்டா. சக்கரம் கழண்டுட்டு."

சித்தப்பா தரையைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. சாகும்வரை என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். அவருடைய மூத்த பையனுக்குச் செட்டியார்பட்டியில் பெண் எடுத்தார்கள். நானும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்கவில்லை.

பிறகு எனக்கு லாரி ஓட்டுகிறவர் புருஷனாக வந்தார். ஒருநாள் அவர் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நட்டு குறைந்தது. அதைப் பார்த்ததும் நான் மண்ணில் கைவிட்டுத் தேட ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். ஒரு நட்டு இல்லாமல் எத்தனையோ நாள் ஓட்டியிருக்கிறாராம். கழன்றதாக அப்பா சொன்ன சக்கரம் எப்படி வண்டியிலேயே மாட்டியிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்கத் தோன்றியது. அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அத்தை செத்ததற்குப் பிறகு அப்பா என்னை ஒருதரம்கூடக் கடிந்து பேசியதில்லை. சாப்பிடும்போது தன் தட்டிலிருந்து எடுத்து எனக்கு வைப்பார். எதைக் கேட்டாலும் வாங்கித் தருவார். தங்கச்சியைக் கொன்ற பிள்ளையை இப்படித் தாங்குகிற அப்பா வேறு யாருக்குக் கிடைப்பார் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன் நான்.