நீலப் பொடியும் இரண்டு பாட்டில் ஆசிடும்

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சீசனுக்கு ஒரு வாரம் இருந்தது. எல்லா ரூமுக்கும் வெள்ளையடித்தாயிற்று. சுண்ணாம்பில் கலக்க வாங்கிய நீலப் பொடி அரைப் பை, மாடி பாத்ரூமில் சரிந்து ஈரத் தரையோடு அப்பிக் கிடந்தது.

ரூம் கழுவும் அக்கா பண்பொழியிலிருந்து வருகிறவர். கீழே வந்து கேட்டார்.

“ஏ தம்பி, தேய்க்கத் தேய்க்க நீலம் பரவுது. ஆசிட் ஊத்தட்டா? நீ அந்தப் படிப்புதான படிச்ச?”

மூன்று நாளாகச் சரியான தூக்கமில்லை. போனிலிருந்து தலையை எடுக்காமலே, “ஊத்துங்கக்கா, போயிரும்” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வரை அழுகிய முட்டை நாற்றம். என்னவென்று கத்திக் கேட்டேன்.

“டிரெய்னேஜ்தாம்லே, சனியன். இன்னொரு பாட்டிலும் ஊத்திட்டேன். ரூமுக்குள்ள வாடை போவக் கூடாதுன்னு கதவச் சாத்திக்கிடுதேன்.”

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு மேலிருந்து அவர் குரல் வந்தது.

“இப்ப நாத்தமே இல்லலே. போயிட்டு.”

படியருகில் இருந்த எனக்கு இன்னும் குமட்டியது. உள்ளே இருப்பவருக்கு மட்டும் எப்படிப் போகும்? ஆசிட் பட்டால் இந்த நீலம் விஷவாயு விடும். வாயு கூடினால் முதலில் மூக்குதான் மரத்துப்போகும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் தள்ளி, அவரை மொட்டைமாடிக்கு இழுத்துப் போனேன். கண் சிவந்து, வாந்தியெடுத்து, சுவரோடு சாய்ந்துவிட்டார்.

ஆட்டோவுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தப் பொடி வந்த காலிப் பையைப் பார்த்தேன். பெயின்டர் அதைக் கால் மிதியாக வாசலில் போட்டிருந்தார். ‘அமிலத்தோடு சேர்க்காதீர்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, சாயங்காலம் அனுப்பினார்கள். திரும்பும்போது கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

“மிச்ச நீலத்த எப்படிலே எடுக்க?”

“ஈரத்துணியால ஒத்தி எடுத்தாப் போதும்க்கா. வெறும் தண்ணிதான்.”

“இத அப்பவே சொல்லிருக்கலாம்லா.”

“நாளைக்கு நானே தொடைச்சிருதேன்.”

“நீயா? அப்ப ஒம் போன யாரு பாக்க?”

மறுநாள் ஜன்னலையும் கதவையும் திறந்துபோட்டுத் துடைத்தேன். பதினோரு வாளித் தண்ணீர் ஆனது. டைல்ஸ் இடுக்கில் நீலம் இன்னும் இருக்கிறது.