ஒரு பிடில் மெட்டைத் தேடி நாட்றம்பள்ளி வரை

கிறிஸ்மஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் ஆம்பூர்ச் சபையில் ஒரு பிடில் மெட்டு வழக்குக்கு வந்தது. காணிக்கைப் பை சுற்றிவரும்போது ஆசீர்வாதம் அண்ணன் வாசிப்பாரே, அந்த மெட்டுதான். நாட்றம்பள்ளி பஜனைக் கோயிலிலும் அதையே வாசிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, "அவர்களுடையது என்றால் நிறுத்திவிடு" என்றார்கள் சபைப் பெரியவர்கள்.

"நான் போய்க் கேட்டா நம்பமாட்டாங்க. நீ படிச்ச பொண்ணு, விசாரிச்சுட்டு வாம்மா," என்றார் அண்ணன். வேறெந்தப் பாட்டுக்கும் அவர் கை அப்படிக் குழைந்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன்.

ஆம்பூரில் காலை பாசஞ்சர் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ஆறு மைல் ஜட்கா; எட்டணா. விஷயத்தைக் கேட்டதும் ஜட்காக்காரர் சிரித்தார். "பாட்டு கேக்கவாம்மா இவ்ளோ தூரம்? கொஞ்சம் ஜாஸ்தி குடுங்க, நானே பாடறேன்." பாடவும் செய்தார். குதிரையின் வேகம் கம்மியானதுதான் மிச்சம்.

பஜனைக் கோயில் பிடில்காரர் முனுசாமி தரையில் உட்கார்ந்து, பிடிலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தார். அதே மெட்டு! மூன்றாம் அடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுகூட அப்படியே. எங்கள் சபையிலும் இது உண்டு என்று சொல்லி, அண்ணன் வாசிக்கும் விதத்தை நானும் முனகிக் காட்டினேன்.

"மூணாவது அடிய மட்டும் ஏன் திருப்பறீங்க?" என்று கேட்டேன்.

"ஆரத்தித் தட்டு சுத்தி வரணுமே! இது ஒண்ணு போதாதா? மெட்டு எங்களுதுதான்."

அண்ணன் காட்டிய அத்தாட்சியும் இதேதான், தட்டுக்குப் பதில் பை. நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள்தான் வெளியே நின்று ஒட்டுக்கேட்டுப் போனார்கள் என்று அரைமணி நேரம் அடித்துப் பேசினார்.

பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னேன். வில்லைக் கீழே வைத்தார்.

"இன்னா, வாசிக்கவே கூடாதுன்னுட்டாங்களா?"

"உங்களுதுன்னா கூடாதாம்."

வில்லை மறுபடி கையில் எடுத்தார். "அப்ப எங்களுது இல்லன்னு சொல்லிடும்மா. முனுசாமியே சொன்னான்னு சொல்லு."

ஜட்கா கிளம்பியதும் பின்னாலேயே ஓடிவந்தார். "நீ முனகினாப்பலதான் வாசிக்கிறாருன்னா, மூணாவது அடியில ரொம்ப அவசரம். அதையும் சொல்லு!"

போக நினைப்பவர்கள் வந்த ஜட்காவையே நிறுத்திவையுங்கள். மாலையில் வேறு வண்டி கிடைப்பது பேஜார். மெட்டு யாருடையது என்ற முடிவோடு திரும்புவீர்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. எனக்கு இன்னமும் தெரியாது.

பெரியவர்களிடம், "எங்களுது இல்ல" என்று முனுசாமி கடைசியில் சொன்னதை மட்டும் சொன்னேன். அந்த அரைமணி நேரத்தை விட்டுவிட்டேன். அவர்கள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்பது என் தைரியம்.

கிறிஸ்மஸ் அன்று காணிக்கைப் பை சுற்றியது. மூன்றாம் அடியை ஆசீர்வாதம் அண்ணன் நிதானமாக வாசித்தார்.