கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு

அண்ணன் ப்ளஸ் டூ கணக்கில் ஃபெயில். அப்பாவோ கணக்கு வாத்தியார். பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு வேண்டியதில்லை. மறுபடி எழுதியிருந்தால் பாஸாகியிருப்பான். அப்பாதான் விடவில்லை.

"இன்னொரு தடவை ஃபெயிலானா சர்ச்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்றார்.

அண்ணனுக்கு வக்கீலாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. அப்போது தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மாடிப்படியோரம் போர்டு தொங்கும்: ப்ளஸ் டூ இல்லாமலே நேரடி பட்டம். தபால் வழியில் பி.ஏ., அதைக் காட்டி வெளிமாநிலத்தில் மூன்று வருட சட்டப் படிப்பு. அப்பாவே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். அண்ணன் ஒழுங்காகப் படித்துப் பாஸானான். கோட்டு தைத்தாயிற்று.

வக்கீலாகப் பதிவு செய்யப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் வாங்கிய பட்டம் செல்லாதாம். அதன் மேல் படித்த சட்டமும் செல்லாதாம். எனக்கு அந்தப் போர்டைக் கல்லால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

அண்ணன் கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, மறைமலை நகரில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் வேலைக்குப் போனான். கோட்டை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. சாயங்காலம் கரண்ட் போனால் அங்கே ஆள் நிற்பது மாதிரியே இருக்கும். "வந்துட்டியாண்ணா?" என்று கேட்டுவிட்டு, கோட்டு என்று தெரிந்ததும் மெழுகுவர்த்தி தேடப் போய்விடுவேன்.

என் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, நானும் லா படிக்கப் போவதாகச் சொன்னேன். அது என் ஆசையா, அந்தக் கோட்டு என்னைப் பிடித்து ஆட்டியதா, இன்றுவரை எனக்கே தெரியாது.

"அஞ்சு வருஷ கோர்ஸா, டிகிரி முடிச்சிட்டு மூணு வருஷமா?" என்று அண்ணன் கேட்டான்.

"அஞ்சு வருஷம்ணா."

"கணக்குல பாஸ்தானே?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வக்கீலாகப் பதிவான நாளில் கேட்ட ஒரு குரல், இன்றும் கோர்ட்டில் பேச எழுந்தால் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. வரிசையாக நின்று உறுதிமொழி சொன்னோம். ஒருவர் வாசிக்க, நாங்கள் திருப்பிச் சொன்னோம். பின்னால் குடும்பத்தார் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து மெல்லிய குரலொன்று, வாசிப்பவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு வரியையும் சொல்லிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்காமலே அண்ணன் என்று தெரிந்துவிட்டது. எத்தனை காலமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தானோ.

அவரவர் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். அவன் தன் பெயரைச் சொன்னான்.