ஜெனரேட்டருக்கு ஒரு வசதியான நேரம்

எங்கள் கட்டடத்துக்குத் தனி முதலாளி என்று யாரும் இல்லை. குளிர்நாட்டுக்கு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில் எட்டு மாடி. குடியிருக்கிற அத்தனை பேரும் சேர்ந்துதான் முதலாளி. கோ-ஒப் என்பார்கள். லொபியில் தொங்கும் பலகை, 'இது உங்கள் வீடு, நீங்களே உரிமையாளர்' என்று சொல்கிறது. எல்லோரும் முதலாளியான இடத்தில் வேலை செய்ய யார் மிஞ்சுவார்கள்? ஆள் கூடினால் பாம்பு சாகாது என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் ஆட்கள் பாம்பை அடிக்க முதல், தடியை எந்த மரத்தில் வெட்டவேண்டும் என்று ஒரு குழு போடுவார்கள்.

கோ-ஒப்பின் தலைவர் ஊரில் சங்கக்கடையில் சீனி நிறுத்துக் கொடுத்தவர். ஆகவே கூட்டுறவைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நினைப்பு. வாய் திறந்தால் 'நாங்கள் வாடிக்கையாளர் இல்லை, உறுப்பினர்' என்றுதான் தொடங்குவார். ஒருமுறை என் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று போய்ச் சொன்னேன்.

"அதைப் பராமரிப்புக் குழுவுக்கு எழுதிக் குடுங்கோ தம்பி."

"அந்தக் குழுவிலை ஆர் அண்ணை இருக்கினம்?"

"நீங்கள்தான். போன வருசம் போட்டனாங்கள்."

குழாயை நானே ஒரு துணியால் கட்டிவிட்டேன். இன்றைக்கும் அந்தத் துணிதான் கட்டியிருக்கிறது.

நகரத்து மின்சாரக்காரர்கள் கட்டடத்துச் சுவர் வரைக்கும் கரண்டைக் கொண்டுவந்து விடுவார்கள். சுவருக்கு உள்ளே எல்லாம் எங்கள் பொறுப்பு. கரண்ட் போனால் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜெனரேட்டர் தானாக ஓடவேண்டும். அது ஓடினால் ஒரு லிஃப்ற் வேலை செய்யும், நடைபாதை விளக்குகள் எரியும், பொது ஹோலில் நான்கு பிளக்குகளில் கரண்ட் வரும். அந்த நான்கில் ஒன்று, ஆறாம் மாடியில் இருக்கும் அங்கிளுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அவர் மன்னார்க்காரர். நுரையீரல் பழுது. மூக்கில் குழாய், பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஒக்சிஜன் மெஷின். அந்த மெஷினுக்குக் கரண்ட் இருந்தால்தான் அவருக்கு மூச்சு. அப்படியிருந்தும் சனிக்கிழமை பின்னேரங்களில் மெஷினையும் இழுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்து 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவார். கள்ளம் வேறு செய்வார். அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் அன்ரி, கட்டடத்துக் கூட்டங்களுக்கு மட்டன் ரோல்ஸ் செய்து தருவார். ஒளிப்பானேன், நான் கூட்டங்களுக்குப் போவதே அந்த ரோல்ஸுக்காகத்தான். மற்றவர்களும் அதற்குத்தான் வந்தார்கள், ஆனால் ஜனநாயகத்துக்காக வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

போன மாரியில் ஒரு மத்தியானம், ஐஸ் மழை பெய்து கம்பிகள் அறுந்து கரண்ட் போனது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கயானாக்காரர், சூப்பர் என்போம், ஜெனரேட்டரிடம் ஓடினார். அது 'டிக்' என்றது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் 'டிக்'. பற்றரி செத்துக் கிடந்தது. ஒரு வருடமாக ஜெனரேட்டரை ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றார்.

அங்கிளிடம் அவசரத்துக்கு ஒரு சின்னச் சிலிண்டர் இருந்தது. இரண்டு மணித்தியாலம் தாங்கும் என்றார் அன்ரி. அம்புலன்ஸைக் கூப்பிட்டோம், வீதியெல்லாம் ஐஸ், வரச் சுணங்கும் என்றார்கள். தலைவருக்குப் போன் அடித்தேன்.

"உது மின்சாரக் குழுவின்ரை விசயம் தம்பி. அதுக்குப் பொறுப்பானவர் புளோரிடாவிலை நிக்கிறார். நான் தன்னிச்சையா முடிவெடுக்கேலாது."

நான் போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அவருடைய வயதை மறந்திருப்பேன்.

சிலிண்டரின் முள் சிவப்பை நெருங்கியபோது, சூப்பரும் நானும் அங்கிளைச் சமையலறைக் கதிரையில் இருத்திக் கட்டி, ஆறு மாடியும் படியால் இறக்கினோம். அன்ரி கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, செபமாலை சொல்லியபடி முன்னால் இறங்கினார். அங்கிளின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கீழே வந்து சேர்ந்த சற்று நேரத்தில் அம்புலன்ஸ் வந்தது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் தப்பிவிட்டது, ஆனால் அதன்பிறகு கட்டிலை விட்டு எழும்பவில்லை. காட்ஸ் மேசையில் அவருடைய இடத்தில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு நான் கோபத்தோடு போனேன். ஒரு கிழமையாக லிஃப்ற்றில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தேன், அன்றைக்கு ஒருவருடைய முகமூடி கிழியும் என்று. ஹோல் நிறைந்திருந்தது. தன் மகளை அங்கிளோடு இருத்திவிட்டு அன்ரியும் வந்து உள்ளே ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"மாசாமாசம் ஓட்டிப் பாக்கவேண்டிய ஜெனரேட்டர். அதை நிப்பாட்டினது ஆர் எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும். ஒரு மனிசன் சாகப் பாத்தது."

"நாங்கள் பேர் எழுதுறேல்லை தம்பி. யூனிற் நம்பர்தான் எழுதுறனாங்கள்," என்று தலைவர் பழைய கூட்டக் குறிப்புப் பைலைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"சனிக்கிழமை காலையில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பதனால் ஹோலில் நடக்கும் பரதநாட்டிய வகுப்புக்கு இடைஞ்சல் ஏற்படுகிறது. எனவே பரிசோதனையை உறுப்பினர்களுக்கு வசதியான நேரத்துக்கு மாற்றுவதென முடிவு. முன்மொழிந்தவர் 302. வழிமொழிந்தவர் 711."

711 என் வீடு.

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த முடிவை எடுத்த அன்றைக்குக் கூட்டம் மூன்று மணித்தியாலம் இழுத்துவிட்டது. ஆராவது வழிமொழிந்தால் கூட்டத்தை முடிக்கலாம் என்று தலைவர் கேட்டார். சமையலறையிலிருந்து பொரிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுகூடக் கேளாமல் கையைத் தூக்கியது நான்தான். அந்த வசதியான நேரத்தை அதன்பிறகு ஒருவரும் குறிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைவர் பைலை மூடினார். அவருக்கு என்னை அவமானப்படுத்தும் எண்ணமே இல்லை. 711 யார் என்று நிமிர்ந்து தேடுகிற அளவுக்குக்கூட அவர் யோசித்திருக்கவில்லை. ஆனால் அன்ரிக்குத் தெரியும். ஏழாம் மாடிக்கு எத்தனையோ தரம் கறி கொண்டுவந்து தந்தவர். தட்டோடு சமையலறை வாசலில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார்.

கூட்டம் முடிந்தது. அன்ரி ரோல்ஸை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றார். கண்கள் என் முகத்தில் இருந்தன. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எடுங்கோ தம்பி," என்றார். "ஆறப்போகுது. உங்களுக்கு ஆறினாப் பிடிக்காதெல்லே."

எடுத்தேன். வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.