நான்கு மர ஆணிகள்

பச்சைத் தேயிலைக் கட்டையை இரும்புத் துளைக்குள் அடித்து இறக்கும்போது ஒரு புளித்த வாடை வரும். தேயிலைத்தூள் வாசம் என்று நினைத்துவிடாதீர்கள். நனைந்த சாக்கின் நாற்றத்தோடு கொஞ்சம் புளிப்பைச் சேர்த்தது போல இருக்கும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் அடுப்படிக்குப் பின்னால், தகரம் போட்டு அப்பா அமைத்துக்கொண்ட "பட்டறை" முழுக்க அந்த வாடைதான்.

அப்பா தேயிலை ஆலையில் தச்சர். வீட்டுச் சாமான்களுக்கு அவர் இரும்பாணி அடிக்கமாட்டார். இந்தப் பனியில் துருப்பிடித்து இற்றுப்போகும் என்பார். பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் அடிக்கட்டையைப் பிளந்து, ஒரே ஒரு துளையுள்ள கனத்த இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தி, சுத்தியலால் அடிப்பார். மூலைமுடுக்கெல்லாம் சீவப்பட்டு, சுண்டுவிரல் பருமனில் உருளையாக மர ஆணி கீழே விழும். அதை அடுப்புக்கு மேல் கம்பிவலையில் பத்து நாள் காயவைக்க வேண்டும். காய்ந்த ஆணி, உள்ளே போனதும் பனியைக் குடித்து உப்பி, பிடித்த பிடியை விடாது. ஈர ஆணியோ உள்ளே போனபின் காய்ந்து சுருங்கி ஆட்டம் கண்டுவிடும். காயவைப்பது என் பொறுப்பு. அப்போது எனக்குப் பதினோரு வயது.

அந்த வருடம் அம்மாவுக்கு "இழுப்பு" அதிகமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்து தூங்குவாள். அவளுக்காகத்தான் தலைமாடு சரிவாக உயர்ந்த ஒரு கட்டிலை அப்பா செய்ய ஆரம்பித்தார். பதினாறு ஆணிகள் வேண்டியிருந்தன. பதினாறும் கம்பிவலையில் கிடந்தன.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா சாமான் வாங்க ரிங்லெட் டவுனுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் தமிழ்ப் படம். சீக்கிரம் காயட்டுமே என்று அடுப்பில் விறகை வாரித் திணித்துவிட்டு ஓடினேன், பாழாய்ப்போன புத்தி! திரும்பி வந்து பார்த்தால் நான்கு ஆணிகள் கரிக்கட்டை. அப்பா என்னை அடித்ததே கிடையாது. ஆனாலும் பயந்துபோனேன். பட்டறைக்குள் போய் பச்சைக் கட்டையை எடுத்து நானே நான்கு அடித்தேன். சாம்பலைத் தேய்த்து நிறத்தை ஒப்பேற்றினேன்.

மறுநாள் அப்பா, "நல்லா காஞ்சிருச்சா பாப்பா?" என்று கேட்டார். காய்ந்துவிட்டது என்றேன். என் பேச்சை நம்பி அவர் சோதித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னுடைய நான்கும் மற்றவற்றைவிட வழவழப்பாக இருக்கின்றன என்று மெச்சி, அவற்றையே பொறுக்கி எடுத்துத் தலைமாட்டுக் கால்களில் அடித்தார். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். மெச்சியவரிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு மாதம் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு அவள் திரும்பும்போதெல்லாம் தலைமாடு கிறீச்சிட்டது. அப்பா கட்டில்காலை ஆட்டிப் பார்த்தார். வெகுநேரம் தன் கையையே பார்த்தார்.

"ஓட்டை பெருசாப் போச்சுலா. துளை போடுறப்ப என் கை ஆடியிருக்கு" என்றார்.

வேறு ஆணி அடிக்கக் கூடாதா என்று அம்மா கேட்டதற்கு, தகட்டில் இருப்பது ஒரே அளவு, ஓட்டையே பெரிதான பிறகு எத்தனை அடித்து என்ன என்று சொல்லிவிட்டு, தலைமாட்டுக் கால்களில் கம்பியைச் சுற்றி முறுக்கினார். தான் செய்த சாமானில் அவர் கம்பி கட்டியது அதுதான் முதல் தடவை. பட்டறைக் கதவு அதன்பின் திறக்கவில்லை. அடுத்த மாதமே தோட்டக் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லி, தச்சு வேலையை விட்டுவிட்டு, மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் புல் வெட்டப் போனார். என்மேல் அவருக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

அப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. லயத்தை இடிக்கப் போகிறார்கள் என்று போன மாதம் சொன்னார்கள். அம்மாவைப் பிரிஞ்சாங்கில் உள்ள என் வீட்டுக்கு அழைத்து வரப் போனேன். வாசல் வழியாகக் கட்டில் வராது, பிரித்தாக வேண்டும். கம்பியை அவிழ்த்ததும் என் நான்கு ஆணிகளும் தாமாகவே கையில் விழுந்தன. அப்பாவின் பன்னிரண்டும் சுத்தியலுக்கு அசையவில்லை, ரம்பத்தால்தான் அறுக்க வேண்டியிருந்தது. பரண்மேல் மூடி இறுகிய பால்மாவு டின் ஒன்றில் அவர் காயவைத்த ஆணி ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் காலியான ஓட்டைகளில் ஒன்றில் வைத்தேன். பாதியில் நின்றது. அடித்தேன். இறுகப் போய் உட்கார்ந்தது; பிறகு பிடுங்க வரவில்லை. அப்பா போட்ட ஓட்டை பெரிதாகவே இல்லை.

இப்போது அந்த லயம் இல்லை, பட்டறை இல்லை, அந்த வாடையும் இல்லை. ஆணி இறங்கிய கட்டில்காலை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

கட்டிலைப் பிரித்த அன்று கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் திட்டவில்லை. அந்தக் கட்டில்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.