அமெரிக்கத் தேர்தலும் அக்காவின் பெயரும்

எனக்கு இருபத்திரண்டு வயதில் அமெரிக்க அரசியல் முழுவதும் தெரிந்திருந்தது. அது தெரியாதவர்கள் மேல் எனக்கு இளக்காரம். தெரிந்தவர்கள் மேல் அதைவிட இளக்காரம், ஏனென்றால் அவர்களுக்குத் தெரிந்தது பிழையாகத்தான் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில், வெம்பிளியில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் முன்னறை என்னுடையது. மேலே ஓர் அறையில் அவர்களும் மூன்று வயது மகளும், மற்ற அறையில் இன்னும் அகதி வழக்கு முடியாத இரண்டு பெடியன்கள். நான் பெற்றோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் செய்தேன். மிச்ச நேரமெல்லாம் நூலகத்தில், வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிடக்கும் மேசையில் இருந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்கர்கள் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய இருந்தார்கள். அவர்கள் சரியாகச் செய்வார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஒரு வேட்பாளர் பல்லைக் காட்டினார், மற்றவர் கொடியைக் காட்டினார், இரண்டு பேரும் மனைவிமாரைக் காட்டினார்கள். தலையணைக்குக் கீழே துப்பாக்கியை வைத்துக்கொண்டு உயிரின் புனிதம் பேசும் நாடு. பிறக்காத பிள்ளைக்காகத் தெருவில் இறங்கி அழுவார்கள், பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் பில்லை நீட்டுவார்கள். ஒருவனைக் கொன்றவனை அரசாங்கமே கொல்லும், கொல்லும்போது பக்கத்தில் ஒரு பாதிரியாரையும் நிறுத்தி வைக்கும். இதையெல்லாம் நான் பெற்றோல் போட வந்தவர்களுக்கும் சொன்னேன். அவர்கள் மிச்சக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் கேட்க ஆள் இருந்தது, ஆனால் ஆட்களின் தரம் போதாது. அத்தானுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இவங்கள் ரண்டு பேரிலை ஆர் வந்தால் திருகோணமலைக்குக் கப்பல் அனுப்புவான்?"

யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு உலக அரசியல் முழுவதும் திருகோணமலைத் துறைமுகத்தில் வந்துதான் முடியும். அந்தத் துறைமுகம் ஒன்று இருக்கிறது என்பதே அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்காது என்று சொன்னேன். அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உனக்கு உள்விசயம் தெரியாது" என்றார். வெஸ்ட் ஈலிங் கோவிலில் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு வரிசையில் நின்று, மரண தண்டனையைப் பற்றி ஒரு கணக்காளரோடு வாதாடினேன். பின்னால் நின்ற ஒருவர், "தம்பி, சோறு ஆறுது, முன்னுக்கு நடவும்" என்றார். இப்படிப்பட்ட சனத்தோடுதான் நான் வாழ்ந்தேன்.

அக்கா மட்டும் எதிர்த்துப் பேசுவதில்லை. பெண்ணுக்குத் தன் உடம்பின் மேல் உள்ள உரிமையை எந்த நீதிமன்றமும் தொட ஏலாது என்று நான் அவளுக்கு விளங்கப்படுத்தியபோது, அவள் நான் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "ஓம், ஓம்" என்றாள். ஊரில் ஆறு வருடம் ஆசிரியையாக இருந்தவள், எனக்கு ஆங்கில எழுத்துகளைக் கையைப் பிடித்துக் காட்டியவள் என்பதை அப்போது நான் நினைக்கவில்லை. பெண்ணுரிமையை விளங்கிக்கொள்ளும் பக்குவம் அவளுக்கு இன்னும் வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

அமெரிக்கர்கள் செய்வதில் எனக்கு மிகவும் ஆத்திரம் தந்தது, அவர்களில் பாதிப் பேர் வாக்களிக்கவே போவதில்லை என்பது. லண்டன் தமிழர் சிலர் போட்டோப்பிரதி எடுத்து விநியோகித்த ஒரு மாத இதழுக்கு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். வாக்குரிமை இருந்தும் பயன்படுத்தாதவன் அடிமையிலும் கீழானவன் என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதி முடித்து, அது நன்றாக இருக்கிறதா என்று சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்த பின்னேரம்தான் அக்கா ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தாள்.

உள்ளூராட்சிக் கவுன்சில் வருடா வருடம் அனுப்பும் வாக்காளர் படிவம். இந்த முகவரியில் இருக்கும் பெரியவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதச் சொல்லும். பொதுநலவாய நாட்டுக்காரர் என்பதால் எங்களுக்கும் இங்கே வாக்கு உண்டு. அது எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் நம்புவதில்லை. படிவம் என்று ஒன்று வந்தால் ஆட்களைக் குறைத்து எழுதுவதுதான் எங்கள் வழக்கம். கூட எழுதினால் வீட்டுக்காரர் அறிவார், குடிவரவுக்காரர் அறிவார், அந்த நாட்களில் தலைக்கு இவ்வளவு என்று கவுன்சில் போட்டிருந்த வரியும் வரும். ஏழு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேரை எழுதுவது எங்களுக்குப் பொய்யாகவே படாது. வீட்டுக்கு வீடு, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இந்தக் காரியத்தைச் செய்துகொடுப்பார். எங்கள் வீட்டில் அது நான்.

அத்தானின் பெயரை எழுதினேன், வாடகை அவர் பெயரில். பிறகு என் பெயரை எழுதினேன். நான் அரசியல் தெரிந்தவன், எனக்கு வாக்கு வேண்டும். மேலே இருந்த பெடியன்கள் கும்பிடாத குறையாகத் தங்களை விட்டுவிடச் சொன்னார்கள். அக்கா பக்கத்தில் நின்றாள்.

"என்ரை பேரும் போடன் தம்பி."

"உங்கட பேர் என்னத்துக்கு அக்கா? நீங்கள் வோட் போடப்போறியளோ?"

அவள் பதில் சொல்வதற்குள் மகள் மேலே அழுதாள். அக்கா மேலே போனாள். நான் இரண்டு பெயரோடு படிவத்தை உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கட்டுரைக்குத் திரும்பிப்போய், அடிமை என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டேன்.

அமெரிக்கத் தேர்தல் முடிந்தது. யார் வென்றாலும் ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் நான் வென்றேன். திருகோணமலைக்குக் கப்பல் வரவில்லை. அடுத்த வசந்தத்தில் எங்கள் வார்டு கவுன்சிலர் ஒருவர் விலக, இடைத்தேர்தல் வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. குப்பை எடுப்பதையும் தெருவிளக்கையும் பற்றிப் பேசுகிறவர்களை அரசியல்வாதிகள் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

அக்கா கவனித்தாள். மகளின் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த நேர்சரி வகுப்பைக் கோடையோடு மூடுவது என்று கவுன்சிலில் பேச்சு நடந்தது. காலையில் மகளை அங்கே விட்டால்தான் அக்காவால் கல்லூரிக்குப் போக முடியும். பள்ளிக்கூடத்தில் துணை ஆசிரியையாகச் சேர்வதற்கான படிப்பு அது. இரண்டு வருடம் காத்திருந்து, அந்தப் புரட்டாசிக்கு இடம் கிடைத்திருந்தது. நேர்சரி இல்லையென்றால் படிப்பும் இல்லை. ஒரு குஜராத்தித் தாயோடும் ஒரு சோமாலியத் தாயோடும் சேர்ந்து அக்கா நூலக வாசலில் கையெழுத்துச் சேர்த்தாள். என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். நான் அவர்களைத் தாண்டித்தான் அமெரிக்கப் பத்திரிகைகளிடம் போவேன். ஒருநாள் குஜராத்தித் தாய் பேனையை நீட்டினாள். தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளிக்கூடங்கள் எவ்வளவு மோசம் என்று அவளுக்கு ஐந்து நிமிடம் சொன்னேன். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை. அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாக்காளர் அட்டைகள் தபாலில் வந்தன. இரண்டு. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு வரேல்லையே?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு வாய்க்கு மட்டும் பஞ்சமே இல்லை, ஆனால் சொன்னது, "பிந்தி வரும் அக்கா" என்பதுதான். அவள் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். வீட்டில் இருக்கும் பெண்கள் இப்படியானவற்றை மறந்துவிடுவார்கள் என்பதும் என் அரசியல் அறிவில் ஒரு பகுதியாக இருந்தது.

தேர்தல் நாளன்று அத்தான் வேலைக்குப் போய்விட்டார். அக்கா காலையிலேயே சேலை உடுத்துத் தயாராக நின்றாள், கோவிலுக்குக் கட்டும் நீலச் சேலை. ஊரில் அவளுக்கு வாக்குரிமை வந்த காலத்தில் தேர்தல் என்றால் யாரோ ஒருவர் போகாதே என்பார், இன்னொருவர் போனால் தெரியும் என்பார். அதனால் அவள் வாழ்நாளில் ஒரு தடவையும் வாக்களித்ததில்லை. மழை வரும் போலிருக்கிறது என்றேன். குடை இருக்கிறது என்றாள். அட்டை வரவில்லையே என்றேன். அவள் அத்தானின் அட்டையை எடுத்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அட்டை இல்லாட்டிலும் வோட் போடலாம் எண்டு இதிலை போட்டிருக்கு. நீ வாசிக்கேல்லையோ?"

மகளின் பள்ளிக்கூட மண்டபம்தான் வாக்குச்சாவடி. போகும் வழியெல்லாம் நேர்சரி ஆசிரியை சொன்னதை, குஜராத்தித் தாய் சொன்னதை எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் ஒவ்வொரு தெருமுனையிலும் வாயைத் திறந்து மூடினேன். எனக்குப் பயமாக இருந்தது. உலகத்தில் எவனுக்கும் பயப்படாதவன் என்று நான் என்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம் அந்தப் பத்து நிமிட நடையில் போய்விட்டது.

மேசையில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண் கோடு போடும் அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்திப் பட்டியலில் எங்கள் வீட்டு இலக்கத்தைத் தேடினாள். அக்கா தன் பெயரை எழுத்தெழுத்தாக, வகுப்பில் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பெண் இரண்டு தரம் பார்த்தாள். அந்த முகவரியில் இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன, மன்னிக்க வேண்டும் என்றாள். இன்னொரு முறை பார்க்கும்படி அக்கா கேட்டாள். பார்த்தாள். படிவத்தை வீட்டில் யார் நிரப்பியது என்று கேட்டாள், குற்றம் சாட்டவில்லை, உதவி செய்யத்தான் கேட்டாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கி, பிள்ளைகளின் கோட்டுகள் மாட்டும் கொளுக்கிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்னுடைய பெயர் பட்டியலில் பத்திரமாக இருந்தது. எனக்கு வாக்குச்சீட்டைத் தந்தார்கள்.

மறைப்புக்குள் போய்ச் சீட்டைப் பார்த்தேன். மூன்று பெயர். மூன்றையும் நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அமெரிக்க மாநில ஆளுநர்களில் பாதிப் பேரை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவன், என் தெருவுக்கு நிற்கும் மூன்று பேரில் ஒருவரைக்கூட அறியாமல் கட்டைப் பென்சிலோடு நின்றேன். வெளியே போய் அக்காவிடம் கேட்க வெட்கம். கடைசியில், இவர்கள் அமெரிக்காவில் நின்றிருந்தால் எந்தக் கட்சியில் நின்றிருப்பார்கள் என்று யோசித்து, ஏழைகளின் பக்கம் என்று பட்ட கட்சிக்காரருக்குப் புள்ளடி போட்டேன். எனக்கு அது புத்திசாலித்தனமாகவே பட்டது.

திரும்பி நடந்தபோது பாதி வழியில் அக்கா கேட்டாள்.

"ஆருக்குப் போட்டனீ?"

சொன்னேன்.

"அவர்தான் நேர்சரியை மூடச் சொல்லி எழுதினவர்" என்றாள். "அவற்ரை தேர்தல் துண்டுப்பிரசுரம் உன்ரை மேசையிலை ரண்டு கிழமையாக் கிடந்தது. அதுக்கு மேலை நீ பேப்பர் வெட்டி வைச்சிருந்தாய்."

அவர் பெரிய வித்தியாசத்தில் வென்றார். எங்கள் இரண்டு வாக்கால் எதுவும் மாறியிராது என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வாக்களிக்காத அமெரிக்கர்கள் சொல்வதும் அதையேதான், அதற்குத்தான் நான் அவர்களை அடிமை என்று எழுதியிருந்தேன். கோடையில் நேர்சரி மூடப்பட்டது. கல்லூரிக்கு அக்கா கடிதம் எழுதினாள், தானே ஆங்கிலத்தில் எழுதினாள், வர முடியாததற்கு வருந்துவதாக. அதைத் தபாலில் சேர்க்க என்னிடம் தரவில்லை.

இலையுதிர் காலத்தில் அடுத்த படிவம் வந்தது. நான் வேலையால் வந்தபோது அக்கா அதைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆசிரியையின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் பெட்டிக்குள் நின்றது. முதலில் அவள் பெயர். அடுத்து அத்தான். பிறகு மேலே இருந்த பெடியன்கள் இரண்டு பேரும். எப்படியோ அவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேனையை மூடினாள்.

"என்ரை பேர், அக்கா?"

"உன்ரை பேர் என்னத்துக்கு? நீ வோட் போடப்போறியோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப எங்கட வார்டிலை இருக்கிற மூண்டு கவுன்சிலரின்ரை பேரைச் சொல்லு பாப்பம்."

ஒரு பெயர் தெரியும், நான் புள்ளடி போட்டவர். அந்தப் பெயரை அந்தச் சமையலறையில் என்னால் சொல்ல முடியவில்லை. மற்ற இரண்டும் தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தாள், வகுப்பில் பதில் வருமா என்று காத்திருப்பது போல. பிறகு படிவத்தை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். அடுத்த ஒரு வருடம் அந்த வீட்டுப் பெரியவர்களில் வாக்கு இல்லாதவன் நான் ஒருவன்தான்.